எந்தக் கேலன்?



ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். குறுக்களவு ஏழு அங்குலம், உயரம் ஆறு அங்குலம் கொண்ட ஓர் உருளைப் பாத்திரம் இருக்கிறது. அதன் கொள்ளளவு என்ன? ஆரம் மூன்றரை. அதன் வர்க்கம் பன்னிரண்டே கால். பையின் மதிப்பை 22/7 என்று வைத்துப் பெருக்கினால் 38½. அதை உயரமான ஆறால் பெருக்கினால் 231. பின்னம் ஏதும் மிஞ்சாமல் 231 கன அங்குலம் வந்து நிற்கிறது.

இங்கிலாந்தில் ஆன் அரசியின் காலத்தில், 1707ஆம் ஆண்டையொட்டி, ஒயினுக்கு வரி வாங்குவதற்காக ஒரு சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டம் இந்த உருளையைத்தான் ஒரு கேலன் என்று வரையறுத்தது. முன்னூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இங்கிலாந்து அந்தப் பாத்திரத்தைக் கைவிட்டுவிட்டது. அமெரிக்கா இன்னும் கைவிடவில்லை. அங்கே பெட்ரோல் பங்கில் ஓடும் எண்ணும், கடையில் விற்கும் பால் கேனும், வண்ணப்பூச்சு டின்னும் அதே 231 கன அங்குலத்தைத்தான் கேலன் என்கின்றன.

இதை லிட்டருக்கு மாற்றுவோம். 1959 முதல் ஓர் அங்குலம் என்பது சரியாக 2.54 சென்டிமீட்டர். இந்த எண்ணை அளந்து கண்டுபிடிக்கவில்லை. உடன்பாடு செய்துகொண்டு நிர்ணயித்தார்கள். 2.54ஐ மும்முறை பெருக்கினால் ஒரு கன அங்குலம் 16.387064 மில்லிலிட்டர். அதை 231ஆல் பெருக்கினால் 3785.411784 மில்லிலிட்டர். ஆக, ஓர் அமெரிக்கக் கேலன் 3.785411784 லிட்டர். கடைசி 4க்குப் பிறகு ஒன்றும் இல்லை. இது தோராயம் இல்லாத, முழுத் துல்லியமான எண்.

இன்றைய தலைப்பைப் பார்த்துவிட்டு, இதில் பேச என்ன இருக்கிறது, கைபேசியில் தட்டினால் விடை வந்துவிடுமே என்று சிலர் நினைத்திருக்கலாம். விடை வரும்தான். கைபேசியிடம் கேட்பதற்கு முன்னால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். எந்தக் கேலன்? எந்தக் கப்? அளப்பது நீரா, தானியமா? கடைசியில் நமக்கு வேண்டியது கொள்ளளவா, எடையா? இந்தக் கேள்விகளைக் கேட்காமல் பெருக்கியதால் பயணிகள் விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து தவித்திருக்கிறது. குழந்தைகள் மூன்று மடங்கு மருந்தைக் குடித்திருக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் வருகிறேன். அதற்குமுன் வரலாறு கொஞ்சம் வேண்டும். ஒரே பெயரில் இத்தனை அளவுகள் எப்படி வந்தன என்று தெரிந்தால்தான் எங்கே கவனம் வேண்டும் என்பது விளங்கும்.

பழைய இங்கிலாந்தில் ஒயினுக்கு ஒரு கேலன், பீருக்கு ஒரு கேலன், தானியத்துக்கு ஒரு கேலன் இருந்தன. ஒயின் கேலன் 231 கன அங்குலம், பீர் கேலன் 282, தானியக் கேலன் ஏறத்தாழ 268.8. கடல் தாண்டி அமெரிக்காவில் குடியேறியவர்கள் இவற்றை அப்படியே எடுத்துச் சென்றார்கள். விடுதலைக்குப் பின் 1790இல், அப்போது வெளியுறவுச் செயலராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். எல்லாக் கேலன்களையும் ஒழித்து, 270 கன அங்குலத்தில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய ஒரு யோசனை. எல்லா அளவுகளையும் பத்துப் பத்தாகப் பிரிக்கலாம் என்பது இன்னொன்று. நாடாளுமன்றம் இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதே காலத்தில் பிரான்சு மெட்ரிக் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தது. மீட்டர் கோல் ஒன்றையும் எடைக்கல் ஒன்றையும் ஜோசப் டோம்பே என்ற தாவரவியல் அறிஞரிடம் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். புயல் அவருடைய கப்பலைக் கரீபியன் பக்கம் தள்ளியது. கடற்கொள்ளையர் பிடித்து மான்ட்செராட் தீவில் அடைத்தார்கள். 1794இல் அங்கேயே இறந்துபோனார். அந்தக் கப்பல் மட்டும் கரை சேர்ந்திருந்தால் அமெரிக்கா அன்றே லிட்டருக்கு மாறியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தம் நாட்டு அறிஞர் எழுதிக் கொடுத்த பதின்மத் திட்டத்தையே தொடாத நாடாளுமன்றம், அயல்நாட்டுக் கோலைக் கண்டு மனம் மாறியிருக்கும் என்று எப்படி நம்புவது? ஆனாலும் ஓர் அளவுகோலைச் சுமந்துசென்று சிறையில் உயிர்விட்ட அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

1824இல் பிரிட்டன் தன் வீட்டைச் சுத்தம் செய்தது. பழைய கேலன்களை எல்லாம் நீக்கிவிட்டு, பத்து பவுண்டு எடையுள்ள நீர் கொள்ளும் அளவே கேலன் என்று புதிதாக வகுத்தது. அதுதான் இம்பீரியல் கேலன். இன்றைய வரையறையில் 4.54609 லிட்டர். அமெரிக்கா எதிர்த் திசையில் போனது. ஃபெர்டினாண்ட் ஹாஸ்லர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் சுங்கச் சாவடிகளின் அளவுகளைச் சோதித்துப் பார்த்தார். ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தது. 1832இல் அமெரிக்கக் கருவூலத் துறை, நீர்மங்களுக்கு ஆன் அரசியின் 231 கன அங்குலக் கேலனையும், தானியத்துக்கு வின்செஸ்டர் புஷலையும் உறுதிசெய்தது. பெற்ற நாடு விட்டுவிட்டது, எடுத்து வளர்த்த நாடு வைத்துக்கொண்டது.

நம் பெரியவர்கள் பலருக்கு ‘ஒரு கேலன் நாலரை லிட்டர்’ என்று மனப்பாடமாக இருக்கும். அது தவறு இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது இம்பீரியல் கேலன். அதையே அவர்கள் பள்ளியில் படித்தார்கள். அந்த நாலரையை அமெரிக்கக் கணக்கில் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். ஐந்து இம்பீரியல் கேலன், ஏறக்குறைய ஆறு அமெரிக்கக் கேலனுக்குச் சமம். காருக்கு ‘கேலனுக்கு 30 மைல்’ என்று ஒரு பிரிட்டிஷ் இதழ் எழுதினால் அது லிட்டருக்கு 10.6 கிலோமீட்டர். அமெரிக்க இதழ் அதே 30ஐ எழுதினால் 12.75 கிலோமீட்டர்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பிரிட்டனில் ஒரு கேலனுக்கு 160 அவுன்ஸ், அமெரிக்காவில் 128. அதனால் கேலனில் பிரிட்டன் பெரியது, அவுன்சில் அமெரிக்கா பெரியது. பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் 28.41 மில்லிலிட்டர், அமெரிக்க அவுன்ஸ் 29.57. பைண்ட் பிரிட்டனில் 568 மில்லிலிட்டர், அமெரிக்காவில் 473. எந்த நாட்டு அளவு என்று கேட்காமல் ‘பெரியதா, சிறியதா’ என்று ஊகித்துத் திருத்துகிறவர், ஓர் அலகில் சரியாகவும் அடுத்த அலகில் தலைகீழாகவும் முடிப்பார்.

அமெரிக்கா மெட்ரிக் முறைக்கு வெளியே நிற்கிறது என்ற பேச்சில் பாதிதான் உண்மை. 1866லேயே அங்கே மெட்ரிக் அளவுகள் சட்டப்படி செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். 1875இல் மீட்டர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. 1893 முதல் அமெரிக்காவின் கஜமும் பவுண்டும் மீட்டரையும் கிலோகிராமையும் வைத்தே வரையறுக்கப்படுகின்றன. கஜத்திலிருந்து அங்குலம், அங்குலத்திலிருந்து கேலன். வேரைத் தோண்டிப் பார்த்தால் அமெரிக்கக் கேலன் மீட்டரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 1975இல் மெட்ரிக்குக்கு மாறுவதற்கென்று சட்டமும் போட்டார்கள். கட்டாயம் இல்லாத சட்டம் என்பதால் மக்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

லிட்டர் மட்டும் தொடக்கம் முதல் ஆடாமல் அசையாமல் இருந்தது என்று எண்ண வேண்டாம். 1795இல் பிரான்சு அதைப் பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் என்று வகுத்தது. 1901இல் உலக மாநாடு கூடி, ஒரு கிலோகிராம் தூய நீர் அதன் உச்ச அடர்த்தியில் அடைத்துக்கொள்ளும் இடமே லிட்டர் என்று மாற்றியது. இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 28 பங்கு வேறுபாடு இருந்தது. 1964இல்தான் பழைய வரையறைக்குத் திரும்பினார்கள். மருத்துவமனைகளில் ‘சி.சி.’, அதாவது கன சென்டிமீட்டர், என்பதையும் ‘மில்லிலிட்டர்’ என்பதையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். அந்த அறுபத்து மூன்று ஆண்டுகளில் அவை இரண்டும் நூலிழை அளவுக்கு வேறு வேறாக இருந்தன.

இப்போது அமெரிக்க அலகுகளின் உள்ளமைப்பைப் பார்ப்போம். இரண்டு டேபிள்ஸ்பூன் ஓர் அவுன்ஸ். எட்டு அவுன்ஸ் ஒரு கப். இரண்டு கப் ஒரு பைண்ட். இரண்டு பைண்ட் ஒரு குவார்ட். நான்கு குவார்ட் ஒரு கேலன். பத்துக்கு இங்கே இடமே இல்லை, எல்லாம் இரட்டிப்பு. இதைக் கேட்டதும் நம் அளவைகள் உங்கள் நினைவுக்கு வரவேண்டும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு நிலங்களில் ஒரே அமைப்பு எப்படி வந்தது? அளவு குறித்த கண்ணாடிக் குழாய் இல்லாத காலத்தில், இருப்பதை இரண்டு சம பாகமாக்குவது எவருக்கும் கைவரும். இரண்டு ஒத்த பாத்திரங்களில் ஊற்றி மட்டம் பார்த்தால் போதும். பத்தில் ஒரு பங்கை அப்படிப் பிரித்தெடுக்க முடியாது. இரட்டிப்பு அளவைகளை அறியாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கருவி இல்லாத சந்தையில் ஏமாறாமல் இருக்க மக்கள் கண்டுபிடித்த வழி அது.

இரண்டு அடுக்குகளிலும் ஓரிடத்தில் இரட்டிப்பு முறிகிறது. நம்மிடம் உச்சியில் முறிகிறது: மூன்று தூணி ஒரு கலம். அமெரிக்கர்களிடம் அடியில் முறிகிறது: மூன்று டீஸ்பூன் ஒரு டேபிள்ஸ்பூன். இந்த மூன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

மனக்கணக்குக்கு எளிய வழி ஒன்று சொல்கிறேன். ஒரு குவார்ட் 946 மில்லிலிட்டர்; அதாவது ஒரு லிட்டரில் ஐந்து விழுக்காடு குறைவு. ஆகவே கேலனை லிட்டராக்க, நான்கால் பெருக்கி, வந்ததில் இருபதில் ஒரு பங்கைக் கழியுங்கள். இருபது கேலன் என்றால் எண்பது, அதில் நான்கு போக 76. உண்மை விடை 75.7. திரும்பி வர, லிட்டரை நான்கால் வகுத்து இருபதில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். நாற்பது லிட்டர் என்றால் பத்தரை கேலன். உண்மை விடை 10.57. அவுன்சை முப்பதால் பெருக்கினால் மில்லிலிட்டர். ஒன்றரை விழுக்காடு அளவுக்கு மிகும். பெட்ரோல் விலையை ஒப்பிடவும், காய்ச்சும் பாத்திரம் வாங்கவும் இது தாராளமாகப் போதும். மருந்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போதாது.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதும் கணக்கின் ஒரு பகுதி. சமையல் குறிப்பில் ‘ஒரு கப் பால்’ என்று இருப்பதை ‘236.588 மில்லிலிட்டர் பால்’ என்று மொழிபெயர்க்கிறவர் துல்லியத்தைக் கூட்டவில்லை. முதலில் எழுதியவர் மனத்தில் இல்லாத ஒரு துல்லியத்தை அவர் தலையில் ஏற்றுகிறார். அமெரிக்கர்களே உணவுப் பொட்டலங்களின் சத்துப் பட்டியலில் ஒரு கப்பை 240 மில்லிலிட்டர் என்றும், டேபிள்ஸ்பூனை 15 என்றும், டீஸ்பூனை 5 என்றும் வைத்துக்கொள்ளச் சட்டம் செய்திருக்கிறார்கள். பால் கேனில் ஒரு கேலனுக்குப் பக்கத்தில் 3.78 லிட்டர் என்று அச்சிடுகிறார்கள். 3.785ஐ 3.79 என்று மேலே ஏற்றுவதில்லை. வாங்குகிறவருக்குச் சொன்னதைவிடக் குறைந்துவிடக் கூடாது என்ற நியாயம் அந்த ஒரு இலக்கத்தில் இருக்கிறது. மதுப் புட்டியோ கேலனில் ஐந்தில் ஒரு பங்காக 757 மில்லிலிட்டர் இருந்தது. 1979, 1980 வாக்கில் அதையே 750 ஆக்கிவிட்டார்கள். மாற்றும் வேலையையே ஒழித்துவிட்டு, புட்டியைக் கணக்குக்கு எளிய எண்ணுக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இதுதான்.

இனி எடைக்கு வருவோம். இங்கேதான் சறுக்கல் அதிகம்.

கொள்ளளவு என்பது இடம். எடை அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் கப் ஒன்றில் நீர் ஊற்றினால் 237 கிராம். சர்க்கரை போட்டால் 200 கிராம். மைதாவை மெதுவாகக் கரண்டியால் அள்ளிப் போட்டால் 120 கிராம். அதே கப்பை மாவுக்குள் அமுக்கி எடுத்தால் 150 வரை போகும். ஒரே கப், ஒரே மாவு, கால் பங்கு வேறுபாடு. தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் உள்ள வித்தியாசம் நெல் அளந்த நம் வீடுகளுக்கு நன்றாகத் தெரியும். 1896இல் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் என்ற அம்மையார் தம் சமையல் நூலில், எந்த அளவையும் மேல்மட்டம் வழித்துத் தட்டையாக அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அமெரிக்க அடுப்படிகள் அதன்பிறகுதான் ஓர் ஒழுங்குக்கு வந்தன.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் வீட்டில் பெரும்பாலும் மூன்று வகைக் கப்கள் இருக்கும். அமெரிக்கக் கப் 237 மில்லிலிட்டர். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் மெட்ரிக் கப் 250. மின்சாரக் குக்கரோடு வரும் கப், ஜப்பானிய அரிசி அளவையை ஒட்டியது, 180. குக்கர் பாத்திரத்தின் உட்புறக் கோடுகள் அந்த 180க்காகப் போட்டவை. அமெரிக்கக் கப்பால் இரண்டு கப் அரிசி போட்டுவிட்டு, உள்ளே ‘2’ என்ற கோடு வரை நீர் விட்டால் சோறு வேகாது. அரிசியையும் நீரையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் ஆழாக்கிலும் ஒன்றுதான், கப்பிலும் ஒன்றுதான். விகிதத்துக்கு அலகு மாற்றம் வேண்டியதில்லை. முட்டையும், பாக்கெட்டில் வரும் ஈஸ்ட்டும், அரை கப்புக்கு ஒரு கட்டி என்று வரும் 113 கிராம் வெண்ணெயும் குறிப்புக்குள் நுழையும்போதுதான் எந்தக் கப் என்ற கேள்வி எழுகிறது.

அமெரிக்கச் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கும் பைண்ட், பாலுக்கான பைண்ட் அல்ல. உலர்பொருள் பைண்ட் 551 மில்லிலிட்டர். நீர்மப் பைண்ட் 473. புஷல் என்ற 35.24 லிட்டர் அளவையோ தானிய வணிகத்தில் எடையாகவே மாறிவிட்டது. மக்காச்சோளம் என்றால் ஒரு புஷல் 56 பவுண்டு, கோதுமை என்றால் 60 பவுண்டு, ஓட்ஸ் என்றால் 32. சிகாகோவின் மக்காச்சோள விலையை டன் கணக்குக்கு மாற்றுகிறவர் லிட்டரைத் தேடிப் போகக் கூடாது. ஒரு டன் மக்காச்சோளம் 39.4 புஷல், ஒரு டன் கோதுமை 36.7 புஷல். பயிரின் பெயர் தெரியாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

கச்சா எண்ணெய்ப் பீப்பாயை நாம் நாளிதழில் தினமும் பார்க்கிறோம். அது 42 அமெரிக்கக் கேலன், ஏறத்தாழ 159 லிட்டர். பென்சில்வேனியாவில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய புதிதில் கையில் கிடைத்த மரப்பீப்பாய்களில் எல்லாம் ஊற்றி விற்றார்கள். 1872இல் அங்கிருந்த உற்பத்தியாளர் சங்கம் 42 கேலனை ஏற்றுக்கொண்டது. இன்று எண்ணெயை யாரும் பீப்பாயில் அடைப்பதில்லை, அளவு மட்டும் நிலைத்துவிட்டது. எண்ணெய் சூட்டில் விரியும். அதனால் அமெரிக்க வணிகத்தில் பீப்பாயை 60 பாரன்ஹீட் வெப்பநிலைக்குக் கணக்கிடுகிறார்கள். மெட்ரிக் நாடுகள் 15 செல்சியசுக்கு. இரண்டுக்கும் அரை டிகிரிக்குச் சற்று மேல் வேறுபாடு. ஒரு புட்டி எண்ணெய்க்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு கப்பல் எண்ணெய்க்குப் பணம்.

நம் அணைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அரிசி, பால், பெட்ரோல் எல்லாம் மெட்ரிக்குக்கு வந்த பிறகும், ஆற்று நீரை நாம் கன அடியில்தான் பேசுகிறோம். டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு கன அடி 28.317 லிட்டர். ஆக ஒரு டி.எம்.சி. ஏறத்தாழ 2,832 கோடி லிட்டர். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அமெரிக்கர்கள் கொலராடோ ஆற்று நீரை ஏக்கர்-அடியில் பங்கிடுகிறார்கள்: ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர். ஒரு டி.எம்.சி. கிட்டத்தட்ட 23 ஆயிரம் ஏக்கர்-அடி. நாளிதழ் வாசகர்கள் ஓர் எண்ணை மனத்தில் வைத்திருந்தால் நல்லது. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. சேரும். காவிரியில் ‘இன்று இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு’ என்ற செய்தியைப் படிக்கும்போது அது எத்தனை நாளுக்கு என்று கேட்க இந்த எண் கைகொடுக்கும்.

நான் முதலில் சொன்ன விமானத்துக்கு வருகிறேன்.

1983 ஜூலை 23. கனடா அப்போதுதான் மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. ஏர் கனடாவின் புதிய போயிங் 767 விமானங்கள் எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட்டன. பழைய விமானங்கள் எல்லாம் பவுண்டில். மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போகவேண்டிய 143ஆம் எண் விமானத்தில் எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. அளவுகோல் விட்டு அளந்தார்கள். தொட்டிகளில் 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். லிட்டரைக் கிலோகிராமாக்க 0.8ஐ ஒட்டிய எண்ணால் பெருக்க வேண்டும். அவர்கள் கையில் இருந்த எண் 1.77. அது ஒரு லிட்டர் எரிபொருள் எத்தனை பவுண்டு என்பதைச் சொல்லும் எண்.

7,682ஐ 1.77ஆல் பெருக்கினால் 13,597. உண்மையில் அது பவுண்டு. கிலோகிராம் என்று எடுத்துக்கொண்டார்கள். மீதி 8,703 வேண்டும் என்று கழித்து, அதை 1.77ஆல் வகுத்து, 4,916 லிட்டர் ஏற்றினார்கள். ஏற்றியிருக்க வேண்டியது இருபதாயிரம் லிட்டருக்கும் மேல். பெருக்கலிலும் கழித்தலிலும் வகுத்தலிலும் ஒரு பிழை கிடையாது. ஒட்டாவாவில் மறுபடியும் அளந்தார்கள்; மறுபடியும் அதே 1.77. சரிபார்த்தவர்களும் அதே எண்ணை வைத்தே சரிபார்த்ததால், தவறு ஒவ்வொரு முறையும் சரி என்றே வந்தது. 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானத்தில் 69 பேர் இருந்தார்கள். தலைமை விமானி ராபர்ட் பியர்சன் எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை விமானி மோரிஸ் குவின்டால், மேனிடோபாவில் கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தை அறிந்தவர். அந்த ஓடுதளம் அப்போது கார்ப் பந்தயத்துக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் இல்லாமலே மிதந்துவந்து அங்கே இறக்கினார்கள். எவரும் உயிரிழக்கவில்லை.

மாணவர்கள் இந்தக் கணக்கை வீட்டில் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதுங்கள். 7,682 லிட்டர், பெருக்கல், ஒரு லிட்டருக்கு 1.77 பவுண்டு. லிட்டரும் லிட்டரும் அடிபட்டு விடையில் பவுண்டு வந்து நிற்கும். கிலோகிராம் வரவே வராது. அலகை எழுதாமல் விடையை மட்டும் எழுதும் மாணவரின் மதிப்பெண்ணை ஆசிரியர் குறைப்பது இதனால்தான்.

கடைசியாக மருந்து. இதைச் சொல்வதற்காகவே இந்த அழைப்பை ஏற்றேன் என்றுகூடச் சொல்லலாம்.

அமெரிக்காவில் குழந்தைகளுக்கான திரவ மருந்தை நீண்ட காலம் டீஸ்பூன், டேபிள்ஸ்பூன் கணக்கில் எழுதினார்கள். இரண்டு சொற்களும் எழுத்தில் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஒன்று மற்றொன்றைப்போல் மூன்று மடங்கு. ஐந்து மில்லிலிட்டர் தரவேண்டிய இடத்தில் பதினைந்து போய்விடும். வீட்டுக் கரண்டிகளோ ஒன்றுக்கொன்று அளவு ஒத்திருக்காது. 2014இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, ஸ்பூன் கணக்கில் மருந்து கொடுத்த பெற்றோர், மில்லிலிட்டர் கணக்கில் கொடுத்தவர்களைவிட இரு மடங்கு பிழை செய்யும் வாய்ப்பு இருப்பதைக் காட்டியது. 2015இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், வாய்வழி திரவ மருந்துகளை மில்லிலிட்டரில் மட்டுமே எழுத வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுதும் முறைக்கும் ஒழுங்கு வேண்டும். அரை மில்லிலிட்டரை 0.5 என்று முன்னால் சுழியம் போட்டு எழுத வேண்டும். ஐந்தை 5 என்று மட்டும் எழுத வேண்டும். 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கலாக விழுந்த இடத்தில் அது 50 ஆகிவிடும்.

பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகும் பாட்டி தாத்தாக்கள் இங்கிருந்து காய்ச்சல் சிரப் எடுத்துப் போவது வழக்கம். இங்கே ஐந்து மில்லிலிட்டர், அங்கேயும் ஐந்து மில்லிலிட்டர். அளவு ஒன்றுதானே என்று தோன்றும். அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பில் ஐந்து மில்லிலிட்டருக்கு 160 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. நம் கடைகளில் 120, 125, 250 என்று பல செறிவுகளில் விற்கிறார்கள். அங்குள்ள மருத்துவர் தொலைபேசியில் ‘ஐந்து மில்லிலிட்டர் கொடுங்கள்’ என்றால் அவர் மனத்தில் இருப்பது 160. நம் கையில் இருக்கும் புட்டி 250 ஆக இருந்தால், கொள்ளளவைச் சரியாக அளந்தும் மருந்து ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். சொட்டு மருந்து என்றால் இன்னும் செறிவானது. ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் கொண்ட சொட்டு மருந்துகள் இங்கே உண்டு.

அதனால் மருத்துவரிடம் பேசும்போது புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இதில் ஐந்து மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது, குழந்தையின் எடை இத்தனை கிலோ, எத்தனை மில்லிலிட்டர் கொடுக்கட்டும்?’ என்று கேளுங்கள். அங்கே எடையைப் பவுண்டில் சொல்லும் பழக்கமும் உண்டு. கிலோவா பவுண்டா என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் கேட்டால் மில்லிலிட்டர் கோடு போட்ட, ஊசியில்லாத வாய்வழி சிரிஞ்ச் தருவார்கள். அதை வாங்கி அந்தப் புட்டியோடேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கரண்டி சாம்பாருக்கு இருக்கட்டும்.